பொண்ணு ஓட்டின வண்டி, சார்

வண்டி எவ்வளவுக்குப் போச்சு என்று நேற்று ஃபோனில் கேட்டாய். அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு தொகையைச் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அது எப்படி வந்தது என்று சொல்லாமல் பணத்தை மட்டும் அனுப்பினால் நீ 'சரி நைனா' என்பாய். உன் 'சரி நைனா'வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷம் பாதியில் விட்டேன். அதற்குப் பிறகு நான் கையால் எழுதியதெல்லாம் விற்பனை ரசீதும் வண்டி நம்பரும்தான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். உனக்கு எழுதினாலும் வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. சின்ன வண்டி ஒன்று வாங்கவோ விற்கவோ போகிறவர்களுக்கு இதில் உபயோகம் இருக்கும். என் தொழில்காரர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

நீ புனேவுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் இரண்டு சாவியையும் கொண்டுவந்து டி.வி. மேல் வைத்தாய். நான் தோசை தின்றுகொண்டிருந்தேன். உன் அம்மா அடுப்பங்கரையில் இருந்தாள்.

"நைனா, வண்டிய வித்துக் குடு. ஆனா ஒரு கண்டிஷன். ஒரு பொய் கூட சொல்லக் கூடாது."

"நான் இன்னாத்துக்குப் பொய் சொல்லப் போறேன்?"

"முன்னாடி அடிபட்டத சொல்லணும். அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லணும்."

"கேக்காததயும் சொல்லணுமா?"

"முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. ஷோரூம்ல மூணு லட்சத்து முப்பதுக்கு எடுத்துக்கறேன்னு சொல்லிகீறான். இன்னிக்கே போயி விட்டுட்டு வந்துடறேன்."

உள்ளேயிருந்து உன் அம்மா, "உங்கப்பன் வாயத் தொறக்காம இருந்தா ஒருவேள முடியும்" என்றாள். நீ சிரிக்கவில்லை. நான் முடியும் என்று சொன்னேன். நாலு லட்சம் வந்தால் அங்கே வீட்டு அட்வான்ஸுக்கும் மற்றதுக்கும் சரியாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டப் போய்விட்டாய். வண்டியையும் கூடவே எடுத்துப் போயேன் என்று நான் கேட்கவில்லை. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனால் இங்கே தடையில்லைச் சான்று வாங்க வேண்டும், அங்கே திரும்பவும் சாலை வரி கட்ட வேண்டும், அதற்கப்புறம் விற்கப்போனால் 'வெளியூர் வண்டி' என்று இரண்டு பக்கமும் விலையைக் குறைப்பான். விற்றது சரியான முடிவுதான். நீ இந்த வண்டி விஷயத்தில் என்னைக் கேட்டுச் செய்த ஒரே காரியமும் அதுதான்.

வாங்கும்போது கேட்கவில்லை. மூன்றரை வருஷத்துக்கு முன் உன் மூன்றாவது சம்பளம் வந்த மாதம், நான் ஐந்து வருஷ வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். வெள்ளை, பெட்ரோல், மூன்றேகால் லட்சம். நீ எடுத்த எடுப்பிலேயே, 'நீ விக்கற வண்டி எனக்கு வேணாம் நைனா' என்றாய். ஷோரூமுக்குப் போய் நீல நிறத்தில் ஒன்றை எடுத்தாய். ஷோரூம் விலை ஐந்து நாற்பத்தெட்டு. வரி, இன்ஷூரன்ஸ், பதிவு, சீட் கவர், மேட் எல்லாம் சேர்ந்து ரோட்டுக்கு வந்தபோது ஆறு நாற்பத்திரண்டு. அந்தத் தொண்ணூற்று நாலாயிரம் ஷோரூம் வாசலைத் தாண்டின நிமிஷமே போய்விட்டது. விற்கும்போது உன் சீட் கவருக்கு எவனும் ஒரு ரூபாய் தரமாட்டான். நீலத்துக்குப் பத்தாயிரம் குறையும், ஏனென்றால் ஆவடியிலிருந்து பூந்தமல்லிவரை சின்ன வண்டி வாங்குகிறவன் வெள்ளையும் வெள்ளியும்தான் கேட்பான். அவன் வாங்கும்போதே அதை விற்கப்போகிற நாளை நினைக்கிறான். அன்றைக்கு இதையெல்லாம் நான் கத்திச் சொன்னேன். இன்றைக்கு வேறு மாதிரி நினைக்கிறேன். மூன்றரை வருஷம் தினமும் அந்த நீலத்தைப் பார்த்துப் பார்த்து நீ ஓட்டினாய். பத்தாயிரத்துக்கு அது மலிவு. எவனோ முகம் தெரியாதவன் வாங்கப்போகிறான் என்பதற்காக நமக்குப் பிடிக்காத நிறத்தில் வண்டி ஓட்டுவது பைத்தியக்காரத்தனம். அடுத்த வண்டியையும் உனக்குப் பிடித்த நிறத்திலேயே எடு. ஆனால் மேல் மாடல் எடுக்காதே. பெரிய திரைக்கும் ரிவர்ஸ் கேமராவுக்கும் கொடுக்கிற எண்பதாயிரம், ஐந்து வருஷத்தில் எட்டாயிரம்கூடத் தேறாது.

'நீ விக்கற வண்டி வேணாம்' என்று ஏன் சொன்னாய் என்று நான் அப்போது கேட்கவில்லை. தெரிந்ததைக் கேட்பானேன்? ஆனால் அதை ஒரு முறையாவது என் வாயால் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு பேப்பர்.

எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் எட்டு மாதம், கூரியரில் ஐந்து மாதம், கேபிள் டி.வி. வசூலில் ஒரு வருஷம். இருபது வயதில் நீ பிறந்தாய். அந்த வருஷம்தான் என் கூட்டாளி சீனு என்னை வண்டி புரோக்கர் வேலைக்கு இழுத்தான். ஆவடியில் மிலிட்டரி கேம்ப் ஆட்களுக்கு ஏப்ரல், மே வந்தால் மாற்றல் உத்தரவு வரும். பத்து நாளில் கிளம்ப வேண்டும். காரை அசாமுக்கோ ஜம்முவுக்கோ தூக்கிப் போக முடியாது. அவசரத்தில் விற்பார்கள். அதை வாங்கி, இங்கே வீடு கட்டிக் குடிவந்த சம்பளக்காரர்களுக்கு விற்பதுதான் எங்கள் பிழைப்பு. இதில் தப்பே இல்லை. ஆனால் வாங்குகிறவன் புரோக்கரை நம்ப மாட்டான். அவனுக்கு 'சொந்த யூஸ்' வண்டி வேண்டும். ஒரு குடும்பம் பொத்திப் பொத்தி வைத்திருந்த வண்டி வேண்டும். அதனால் நாங்கள் குடும்பம் காட்டுவோம். வண்டியைக் கோவில்பதாகையில் நம் வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து நாள் நிறுத்துவோம். உள்ளே ஒரு பிள்ளையார், பின் சீட்டில் ஒரு ஸ்கூல் பை, ஒரு தண்ணீர் பாட்டில். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறவனிடம், 'பொண்ண ஸ்கூலுக்கு உட்ற வண்டி சார், மனசே வரல, கஷ்டம், அதான் விக்கறோம்' என்போம். எல்லாப் புரோக்கரும் செய்வதுதான். எனக்குப் பை கடன் வாங்க வேண்டியதில்லை. வீட்டிலேயே நீ இருந்தாய்.

உனக்கு ஆறு வயது. வெள்ளி நிறத்தில் ஒரு வண்டி வந்தது. 'நம்ம வண்டியா நைனா?' என்றாய். ஆமாம் என்றேன். அதற்குச் சாம்பலு என்று பெயர் வைத்தாய். பன்னிரண்டு நாள் அதில்தான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாய். பதின்மூன்றாம் நாள் ஒரு வாத்தியார் வந்தார், பார்த்தார், இருபதாயிரம் குறைத்துக் கேட்டார். நான் இழுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உனக்கு விஷயம் புரிந்தது. உள்ளே ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாய். கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அழுதாய். வாத்தியாருக்கு முகமே மாறிவிட்டது. இது நிஜமாகவே குடும்ப வண்டிதான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. ஐந்தாயிரம் மட்டும் குறைத்துக்கொண்டு, 'பாப்பாவுக்கு எதாவது வாங்கிக் குடுங்க' என்று ஐம்பது ரூபாயும் தனியாகக் கொடுத்துவிட்டு எடுத்துப்போனார்.

சீனு அன்றைக்கு டீக்கடையில் சொன்னதை இப்போது எழுதுகிறேன். "மச்சான், உன் பொண்ணு அழுதா பதினஞ்சாயிரம்டா. நம்மளாண்ட இல்லாத சரக்குடா அது." நான் சிரித்தேன். சிரித்ததோடு நிறுத்தவில்லை. அதற்கப்புறம் வந்த வண்டிகளைப் பற்றி உன்னிடம் வேண்டுமென்றே ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். கேட்டால் நம்ம வண்டி என்பேன். நீயும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைப்பாய். பார்க்க வருகிறவன் பேரம் பேச ஆரம்பித்ததும் உன்னை வெளியே கூப்பிடுவேன். நீ அழுவாய். விலை நிற்கும். மூன்று வருஷத்தில் ஒன்பது வண்டி. உன் அம்மா ஒருநாள் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே, "புள்ளைய அழவுட்டு துன்றியே, உனுக்கு இறங்குதா?" என்றாள். இறங்கியது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நன்றாகவே இறங்கியது. அந்தப் பணத்தில்தான் உனக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டினது உண்மைதான். ஆனால் அழாமலே விற்றிருந்தாலும் கட்டியிருக்க முடியும்.

பத்தாவது வண்டிக்கு உனக்கு ஒன்பது வயது. பூந்தமல்லியிலிருந்து ஒருத்தர் மனைவியோடு வந்திருந்தார். நான் உன்னைக் கூப்பிட்டேன். நீ வந்தாய். அழவில்லை. அந்த அம்மாவிடம் நேராகப் போய், "ஆன்ட்டி, இது எங்க வண்டி இல்ல. பதினேழு நாளாதான் இங்க கீது. இதுக்கு நான் பேரு கூட வெக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய். 'புள்ள வெளையாடுது சார்' என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் போய்விட்டார்கள்.

உன்னை அடிக்கவில்லை. அதைவிட மட்டமான ஒன்றைச் செய்தேன். அடுத்த வண்டி வந்தபோது, உன் பெரியம்மா மகளைக் கூட்டிவந்து அந்தப் பின் சீட்டில் உட்காரவைத்தேன். அவளுக்கு ஐந்து வயது. நீ ஜன்னல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்த்தேன், நீயும் என்னைப் பார்த்தாய். நான் திரும்பிக்கொண்டு வந்தவருக்கு எஞ்சினைக் காட்டினேன். அந்த வண்டி நல்ல விலைக்குப் போயிற்று. அதற்கப்புறம் என் எந்த வண்டியிலும் நீ ஏறவே இல்லை. காலேஜுக்கு வேப்பம்பட்டுவரை தினமும் ரயிலில் தொங்கிக்கொண்டு போனாய். மழையிலும் போனாய். வாசலில் எப்போதும் ஒரு கார் நின்றுகொண்டுதான் இருந்தது.

மன்னித்துவிடு என்று எழுத இதை எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்பது எனக்கு ஒரு விற்பனைப் பேச்சு மாதிரியே கேட்கிறது. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். இனி உன் வண்டிக்கு வருகிறேன்.

முதலில் நான் வண்டியை ஒரு வாங்குபவன் மாதிரி பார்த்தேன். முப்பத்தோராயிரம் கிலோமீட்டர், ஒரே ஓனர், சர்வீஸ் எல்லாம் நேரத்துக்குச் செய்தது, இரண்டு சாவியும் இருக்கிறது. இரண்டாவது சாவி தொலைந்தால் எட்டாயிரம் போகும் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. நீ தொலைக்கவில்லை. குறை ஒன்றுதான். போன மழைக்காலத்தில் பூந்தமல்லி பைபாஸில் முன்னால் போன லாரியின் பின்பக்கத்தில் நீ இடித்தது. பம்பர், பானெட், ரேடியேட்டர், அதைத் தாங்குகிற இரும்புச் சட்டம் எல்லாம் மாற்றியிருக்கிறது. வேலை சுத்தமாகச் செய்திருக்கிறார்கள். பானெட் போல்ட்டின் தலையில் ஸ்பேனர் பட்ட கீறல் மட்டும் தெரியும். வருகிற மெக்கானிக் முதலில் பார்ப்பது அதைத்தான். அந்தக் கீறலில் ஒரு சொட்டு நீலப் பெயிண்ட் தொட்டு வைத்தால் போதும். அதற்கென்று மெல்லிய பிரஷ் ஒன்று என்னிடம் இருக்கிறது. எடுத்தேன். உன் அம்மா துணி காயப்போட வந்தவள் பார்த்துவிட்டுப் போனாள். திரும்ப டப்பாவில் போட்டுவிட்டேன். மறைத்து விற்றால் நாலேகாலுக்கு அந்த வாரமே போயிருக்கும். சொல்லி விற்றால் மூன்றே முக்காலுக்கு மேல் போகாது என்று அப்போதே தெரியும்.

முதலில் வந்தவன் பாரிவாக்கத்தில் புது ஃபிளாட்டில் இருக்கிற மதுரைக்காரப் பையன், கம்ப்யூட்டர் வேலை. ஃபோனில் இருபது கேள்வி எழுதிக்கொண்டு வந்திருந்தான். அவன் வாயைத் திறக்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன். தம்பி, முன்னாடி அடிபட்ட வண்டி, இன்னின்ன மாத்தியிருக்கு, பில்லு இருக்கு, பாரு என்றேன். அவன் ஃபோனை மூடிப் பாக்கெட்டில் வைத்துவிட்டான்.

"அண்ணே, விக்கிற ஆளு நீங்களே இவ்வளவு சொல்றீங்கன்னா, சொல்லாதது எவ்வளவு இருக்கும்?"

"வேற ஒண்ணும் இல்ல தம்பி."

"அதத்தாண்ணே எல்லாரும் சொல்வாங்க."

போய்விட்டான். தப்பு சொல்ல முடியாது. எங்கள் தொழிலில் ஒரு சின்னக் குறையை நாமே சொல்லி, பெரிய குறையை மறைப்பது ஒரு வழி. அவன் அதை எங்கோ படித்திருக்கிறான்.

அடுத்த வாரம் அம்பத்தூரிலிருந்து ஒரு பெரியவர் மெக்கானிக்கோடு வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் வழக்கமாகச் சொல்வது போலவே வாய் தானாகச் சொன்னது. "பொண்ணு ஓட்டின வண்டி, சார். ஆபீசுக்குப் போயி வர மட்டும்தான். இப்ப வெளியூர்ல வேல, அதான் விக்கறோம்."

அவர் மெக்கானிக்கைப் பார்த்துக் கண்ணடித்தார். "வாத்யாரே, இதுவரிக்கும் எட்டு வண்டி பாத்துட்டேன். ஆறு வண்டி பொண்ணு ஓட்டினது. எல்லாப் பொண்ணுக்கும் வெளியூர்ல வேல. ஊர்ல ஆம்பளைங்க ஒருத்தனும் காரே ஓட்டறதில்ல போல. எல்லாம் பஸ்ல தொங்கிகினு போறானுங்க."

"சார், சத்தியமா என் பொண்ணு வண்டி சார்."

"சத்தியமும் ஆறாவது தபா கேக்கறேன், நைனா."

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்புதான் வந்தது, வேறென்ன செய்வது? இருபத்தைந்து வருஷமாக அந்த வாக்கியத்தை ஊரெல்லாம் சொல்லி விற்றிருக்கிறேன். ஒரு தடவைகூட அது நிஜமில்லை, அநேகமாக எல்லாத் தடவையும் நம்பினார்கள். இப்போது நிஜம், ஒருத்தனும் நம்பவில்லை. பொய் சொல்லாமல் விற்பது கஷ்டம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. உண்மையைச் சொன்னாலும் அது பொய் மாதிரியே ஒலிக்கும் அளவுக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதைத் தேய்த்து வைத்திருக்கிறோம் என்பது எனக்கு உறைக்கவில்லை. இதைக் கேள்விப்பட்டுச் சீனு வந்தான். "உன் பொண்ணு புனேல கீறா மச்சான். இங்க நீ இன்னா சொன்னா அதுக்குத் தெரியப் போவுதா? ஒரு பையையும் பாட்டிலயும் உள்ள போடு, என் பேத்திய இட்டுகினு வரேன்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. எனக்கு உதவி செய்கிறதாகத்தான் நினைத்தான். வேண்டாம் என்றேன்.

மூன்றாவதாக வந்தவர்கள்தான் நீ ஃபோனில் பேசிய வேப்பம்பட்டு ஆட்கள். அந்த அம்மா நர்ஸ். வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். வண்டி அந்த அம்மாவுக்குத்தான். ராத்திரி டூட்டி முடிந்து ரயிலுக்கு நிற்க முடியவில்லை என்றார். அந்த அம்மாவே சீட் பெல்ட்டை முழுசாக இழுத்து மோந்து பார்த்தார், தண்ணீரில் முழுகிய வண்டியா என்று. விவரமான ஆள். நான் அடிபட்டதைச் சொன்னேன். பில்லைக் காட்டினேன். பானெட்டைத் திறந்து போல்ட்டைக் காட்டினேன். புரோக்கர் என்பதையும் சொன்னேன். அந்த அம்மா தன் ஃபோனை எடுத்தார்.

"பொண்ணு வண்டின்றீங்க. பொண்ணு நம்பர் குடுங்க. நான் அவங்ககிட்ட பேசிக்கிறேன்."

கொடுத்தேன். நீ எடுத்தாய். அந்த அம்மா தன் வீட்டுக்காரருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அது உனக்குத் தெரியாது. நான் பக்கத்தில், இரண்டடி தள்ளி, டிக்கியில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"அடிபட்ட வண்டின்னு அப்பா சொன்னாரும்மா."

"சொன்னாரா?" என்றாய். அப்புறம், "இன்னா இன்னா மாத்தினதா சொன்னாரு?" என்றாய்.

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பம்பர், பானெட், ரேடியேட்டர்.

"அந்த இரும்பு சட்டம் மாத்தினதயும் சொன்னாரா?"

"சொன்னாரு. பில்லும் காட்டினாரு."

லைன் போய்விட்டதோ என்று அவர் ஃபோனைப் பார்த்தார். அப்புறம் கேட்டார். "உங்கப்பா புரோக்கர்னு அவரே சொல்றாரு. தப்பா எடுத்துக்காதீங்க, அவர் சொல்றத நம்பலாமாம்மா?"

"இந்த வண்டிக்கு நம்பலாம்" என்றாய்.

அந்த அம்மா சட்டென்று ஸ்பீக்கரை அணைத்தார். என்னைப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளிப்போய்ப் பேசினார். வீட்டுக்காரர் தர்மசங்கடமாக, "ஸ்டெப்னி பாக்கலாமா?" என்றார். டிக்கியைத் திறந்து காட்டினேன். எனக்குக் கோபம் வரவில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் அந்த அளவுகூடச் சொல்லியிருக்க மாட்டேன். ஸ்பீக்கரில் கேட்டது என்று உனக்குத் தெரியாமலே போகட்டும் என்று முதலில் நினைத்தேன். அப்புறம், சொல்லாமல் விடுவதும் உன் கண்டிஷனில் சேரும் என்று தோன்றியது. அதனால் எழுதிவிட்டேன். இதற்காக ஃபோன் செய்து ஏதும் சமாதானம் சொல்லாதே. நீ சொன்னது சரியான பதில்.

பேரம் அதற்கப்புறம்தான். நான் மூன்று தொண்ணூற்றைந்து என்றேன், அவர்கள் மூன்று ஐம்பது என்றார்கள். ஏறி இறங்கி மூன்று அறுபத்தெட்டில் வந்து நின்றது. இந்த இடத்தில் எங்களுக்கு ஒரு வசனம் உண்டு. ஃபோனை எடுத்துப் பார்த்துவிட்டு, 'இன்னொரு பார்ட்டி நாலு தரேன்னு வந்துகினு கீறாரு சார், உங்க முகத்துக்காகத்தான் யோசிக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். பத்துக்கு எட்டுப் பேர் ஏறுவார்கள். அவர்களும் ஏறியிருப்பார்கள், அந்த அம்மாவுக்கு வண்டி பிடித்துவிட்டது, அவர் கை ஸ்டியரிங்கை விடவே இல்லை. நாலு வந்திருக்கும், அல்லது நாலுக்குப் பக்கத்தில் வந்திருக்கும். அந்த வசனம் நாக்கு நுனியில் இருந்தது. அடிபட்டதை மறைப்பது மாதிரி பெரிய பொய்கூட இல்லை. யாருக்கும் அதனால் பிரேக் பிடிக்காமல் போகாது. வீட்டுக்காரர் கேட்டார், "வேற யாராச்சும் கேட்டுகினு கீறாங்களா?"

"இல்ல சார். ரெண்டு பேர் பாத்தாங்க, ரெண்டு பேரும் வேணாம்னுட்டாங்க" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை. ஏன் ஏற்றப் போகிறார்? உள்ளே இருந்து உன் அம்மா தலையை நீட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்த அம்மா பேப்பர்களில் நீ கிளம்பும்முன் போட்டுவைத்த கையெழுத்தெல்லாம் சரிபார்த்து, பணத்தை என் கணக்கில் போட்டுவிட்டு, அவரே ஓட்டிக்கொண்டு போனார். நம் தெரு முனையில் கொஞ்சம் தடுமாறினார். கிளட்ச் உன் காலுக்குப் பழகினது.

நேற்று நீ ஃபோன் செய்தபோது உனக்குப் பணம் அனுப்பத்தான் உட்கார்ந்திருந்தேன். ஃபோனில் தொகைப் பெட்டியில் நாலு லட்சம் என்று அடித்து வைத்திருந்தேன். என் கணக்கில் கையிருப்பாக முப்பத்தேழாயிரம் இருந்தது, அதிலிருந்து முப்பத்திரண்டாயிரத்தைச் சேர்த்து, 'நாலுக்கே போச்சு பாப்பா' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. உனக்கு அட்வான்ஸ் கட்டியாகிவிடும். எனக்கும், நல்ல விலைக்குத்தான் விற்றேன் என்ற பெயர் இருக்கும். அந்தக் கடைசிப் பச்சைப் பொத்தானை அமுக்குகிற நேரத்தில்தான் நீ கூப்பிட்டு, எவ்வளவுக்குப் போச்சு என்று கேட்டாய். வாயில் 'நாலு' வந்துவிட்டது. அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன்.

வண்டி மூன்று லட்சத்து அறுபத்தெட்டாயிரத்துக்குப் போயிற்று. இன்று காலையில் அதை மட்டும் அனுப்பியிருக்கிறேன், பார்த்துக்கொள். உனக்கு இன்னும் முப்பத்திரண்டாயிரம் குறைகிறது. அது என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் கேள், தருகிறேன். ஆனால் அப்பனிடம் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கு. வேண்டாம் என்றால் விட்டுவிடு. வண்டி விலையில் அதைக் கலக்க மாட்டேன்.